“கோ ஓஃப் என்றால் என்ன, மிஸ்?”

போன மாதம் சுகந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற நீதிமன்றத்தில் இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிறவள். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி.

“அக்கா, இந்த இங்கிலீசு ‘கோ ஓஃப்’ இருக்குல்ல, போன்ல போட்டுப் பாத்தா பதினொரு அர்த்தம் காட்டுது. எதை எடுத்து எழுதுறது?”

“எதைப் பத்திம்மா?”

“பாலைப் பத்திக்கா. ஹோட்டல் வழக்கு ஒண்ணு.”

“பாலுன்னா கெட்டுப் போச்சுன்னு எழுது. அவ்வளவுதான்.”

“அப்பாடா! இதையெல்லாம் ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்கக்கா. புதுசா வந்த புள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்.”

சரி என்றேன். நான் வாங்கிய பாராட்டுகளை வரிசையாக எழுதினால் சுகந்தி சந்தோஷப்படுவாள். ஆனால் அந்த ‘எதைப் பத்தி’ என்ற கேள்வியை என் உத்தியோக காலத்தில் ஒரே ஒரு நாள் கேட்காமல் விட்டேன். அதனால் ஒரு இளைஞன் இரண்டு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில், தீர்ப்பு இல்லாமலே சிறையில், கிடந்தான். எழுதுவதானால் அதைத்தான் எழுதுவேன். கேட்கிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம் பிடித்தால் நல்லதுதான்.

நான் வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லய வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது, சிங்களம் கடைத்தெருவில் வந்தது. பரீட்சை எழுதித் தேறி, பயிற்சியையும் முடித்து, மலையகத்து நகரமொன்றின் நீதவான் நீதிமன்றத்தில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எந்த நகரம் என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

அங்கே தலைமை மொழிபெயர்ப்பாளர் பேரின்பநாயகம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மேசையில் மூன்று அகராதிகள் வைத்திருப்பார். இரவல் கேட்டால் தர மாட்டார். சொல் தேவையென்றால் அவர் மேசைக்குப் போய், நின்றபடி பார்த்துவிட்டு, மூடி வைத்துவிட்டு வர வேண்டும். சேர்ந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு வேலையைச் சொன்னார்.

“பிள்ளை, நீர் ஒரு தண்ணிக் குழாய். இஞ்சாலை வாறதை அங்காலை விடும். உம்மடை சொந்தச் சரக்கு ஒண்டும் அதுக்குள்ளை போகப்படாது.”

என்னைக் குழாய் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அவர் தன்னையும் அப்படித்தான் நடத்திக்கொண்டார் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஒருமுறை சாட்சி ஒருவன் ஆத்திரத்தில் நீதவானின் பரம்பரையையே இழுத்து வைதுவிட்டான். ஐயா ஓர் எழுத்துக் குறையாமல், நீதவானின் முகத்துக்கு நேரே, அதே நிதானத்தோடு சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வேலைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. சாட்சிக் கூண்டுக்கு இடப்பக்கம், ஓரடி தள்ளி நிற்க வேண்டும். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்கக் கூடாது. அவர் ‘நான் பார்க்கவில்லை’ என்றால் நாமும் ‘நான் பார்க்கவில்லை’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் பார்க்கவில்லை என்கிறார்’ என்று சொன்னால் ஐயாவின் புருவம் ஏறும். திருடினவனும் திருட்டுக் கொடுத்தவனும் பொலிஸ்காரரும் ஒரே காலையில் என் வாயால் ‘நான்’ ‘நான்’ என்று பேசிவிட்டுப் போவார்கள். ஒரு சொல் விளங்கவில்லை என்றால் ஊகிக்கக் கூடாது. நீதவானிடம் அனுமதி கேட்டு, பேசியவரிடமே பொருள் கேட்டு, அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்துச் சபைக்குச் சொல்ல வேண்டும். வழக்காளிகளோடு வெளியில் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த ஒழுங்கால்தான் எனக்குப் பெயரும் வந்தது. ஒரு தொழிற்சாலைத் திருட்டு வழக்கு. காவல்காரரின் வாக்குமூலத்தைத் தோட்டக் காரியாலயத்தில் யாரோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தார்கள். ஐந்து மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ‘வென்ட் ஓஃப்’, அதாவது ‘கோ ஓஃப்’பின் இறந்தகாலம், என்று அதில் இருந்தது. மணிக்கும் சங்குக்கும் அந்தச் சொல் வந்தால் ஒலித்தது என்று பொருள், விளக்குக்கும் மின்சாரத்துக்கும் வந்தால் நின்றுபோனது என்று பொருள். சங்கு ஊதியதா, நின்றதா என்று இரண்டு சட்டத்தரணிகளும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். நான் அனுமதி கேட்டுக் காவல்காரரையே கேட்டேன்.

“சங்கு ஊதிச்சா, நின்னுச்சா?”

“ஊத ஆரம்பிச்சிச்சுங்க. கரண்டு போயி பாதியிலயே நின்னுருச்சுங்க.”

சபை முழுக்கச் சிரித்தது. நீதவான் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அன்றிலிருந்து ஆங்கிலச் சொல் ஒன்றில் சந்தேகம் என்றால் எழுதுவினைஞர் முதல் பொலிஸ்காரர் வரை என்னிடம் வர ஆரம்பித்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. இப்போது எதற்கு மறைக்க வேண்டும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில் என்றாலும் சோதனைச் சாவடிகள் எங்கள் மலைகளிலும் இருந்தன. தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையை நீட்டினால் பஸ்ஸை விட்டு இறக்கி நிறுத்தும் காலம். ஒரு நாள் காலையில் கை நிறைய வழக்குக் கோவைகளோடு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தேன். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் எதிரே வந்தார். நல்ல மனிதர், எப்போதும் மரியாதையாகப் பேசுவார்.

“மிஸ், ‘கோ ஓஃப்’ கியன்னே மொகக்த?”

‘கோ ஓஃப்’ என்றால் என்ன என்று கேட்கிறார். அந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகையைத் திறந்தால் அந்த இரண்டு சொற்களும் குண்டோடுதான் வரும். நான் நடையை நிறுத்தக்கூட இல்லை.

“புபுரனவா,” என்றேன். வெடிக்கும் என்று அர்த்தம். அவர் நன்றி சொன்னார். நான் போய்விட்டேன்.

அடுத்த வாரம் யோகராஜ் என்ற இளைஞனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருபத்துநாலு வயது, ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் உதவி டீமேக்கர். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் இடத்துக்கு ஐந்து தகரங்களில் மாதிரித் தூள் கொண்டுபோகும் வழியில் சோதனைச் சாவடியில் பிடிபட்டவன். தகரங்களோடு அவன் கையால் எழுதிய ஆங்கிலச் சீட்டொன்று இருந்தது. அதை ஆராய்ச்சிக்காகக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். கோவையில் இருந்தது சிங்களப் பெயர்ப்பு மட்டும்: ‘மூன்றாவது உள்ளது வெள்ளிக்கிழமைக்குள் வெடிக்கும். மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். முதலில் அதைக் கவனிக்கவும்.’ தகரங்களைக் கொட்டிப் பார்த்தபோது தேயிலையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படியானால் இது சங்கேதம், மூன்றாவது என்பது ஏதோ ஓர் இடம் என்று பொலிஸ் அறிக்கை சொன்னது. தோட்டத்து நிர்வாகியான துரை, தனக்குத் தெரியாமல் எழுதப்பட்ட சீட்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

நடைபாதைக் கேள்வி எனக்கு நினைவு வரவில்லை. அதுதான் வெட்கம். அந்த அறிக்கையைத் தமிழில் அவனுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். ‘வெடிக்கும்’ என்ற இடத்தில் அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பேசாதே என்று காவலர் தோளை அழுத்தினார். பதினாலு நாள் விளக்கமறியல். பிறகு இன்னொரு பதினாலு. பிறகு இன்னொன்று.

அவனுடைய தாய் ராக்கம்மா ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் முதல் பஸ்ஸில் வந்து, ரொட்டி கட்டிய பையோடு நீதிமன்றச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். நான் கடந்து போகும்போதெல்லாம் எழுந்துவிடுவார்.

“அம்மா, இன்னைக்கி விட்டுருவாங்களா? நீங்கதானே உள்ள பேசுறீங்க. கொஞ்சம் நல்லதா சொல்லுங்கம்மா.”

பேசக் கூடாது என்பது ஒழுங்கு. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவேன்.

நான்காவது தவணையில் நீதவான், உமக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று அவனை நேரடியாகக் கேட்டார். யோகராஜ் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“நான் வெடிக்கும்னு எழுதவே இல்லீங்க சாமி. மூணாவது தகரத்துத் தூளு கோனாப்பு ஆயிரும்னுதான் எழுதுனேன். மத்ததோட வச்சா அதுவும் கெட்டுரும். மொதல்ல அதைக் குடிச்சுப் பாக்கட்டும்னு எழுதுனேன். வேற ஒண்ணுமே இல்லீங்க.”

கோனாப்பு. எங்கள் தொழிற்சாலைப் பக்கத்து வீடுகளில் அது சாதாரணச் சொல். ஈரம் ஏறி மணம் போன தூளை அப்பா கொண்டுவந்தால், இந்தக் கோனாப்புத் தூளுல யாரு தேத்தண்ணி ஊத்துறது என்று அம்மா சண்டைக்கு நிற்பார். எனக்குத் தெரிந்தவரை அது சுத்தத் தமிழ். பெரட்டு என்பது பரேட், கண்டாக்கு என்பது கண்டக்டர் என்றெல்லாம் மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லித் திரிந்தவள், வீட்டுச் சொல்லான கோனாப்பை மட்டும் ஒரு நாளும் பிரித்துப் பார்க்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற அந்த நிமிடத்தில்தான் அது பிரிந்தது. கோன் ஓஃப். அதே ‘கோ ஓஃப்’தான். துரைமாரும் டீமேக்கர்களும் கெட்டுப்போன தேயிலைக்குச் சொல்கிற ஆங்கிலம், எங்கள் வாயில் உருண்டு கோனாப்பு ஆகியிருக்கிறது.

அதன் பின்னால் சார்ஜன்ட்டின் முகமும், நடைபாதையும், நான் நிற்காமல் போனதும் வந்தன. ஆனாலும் ஒழுங்குப்படி அனுமதி கேட்டு, “கோனாப்புன்னா என்ன?” என்று அவனையே கேட்டேன்.

“ட்ரையர்ல சூடு பத்தாம தூளுல ஈரம் நின்னுருச்சுங்க. நாலு நாள்ல மணம் போயிரும். அது இங்கிலீசுதானுங்களேம்மா. கோ ஓஃப்.”

கேள்வியையும் பதிலையும் சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பேனாவைக் கீழே வைத்தார். மூலச் சீட்டு எங்கே என்று கேட்டார். கொழும்பில் என்றார்கள். அது வரும்வரை, சீட்டை மொழிபெயர்த்தவர் யார் என்று அடுத்த தவணையில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டு, இன்னும் பதினாலு நாள் தள்ளி வைத்தார்.

மதிய இடைவேளையில் பேரின்பநாயகம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் கேட்டார்.

“வழியிலை கேட்டது, வழியிலை சொன்னது. ஆரும் எழுத்திலை கேட்டவையே? நீர் வாய் திறவாமல் இரும், பிள்ளை. மூலம் வந்தால் நீதவானே பார்ப்பார்.”

“எப்ப வரும் ஐயா?”

அவர் சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

“இது ரெண்டு தமிழர் வேலை செய்யிற நீதிமன்றக் கந்தோர்,” என்றார் பிறகு. “எங்கடை பெயர்ப்பு பிழை எண்டு ஒருக்கால் எழுத்திலை வந்தால், நாளைக்கு எங்களை ஒருத்தரும் நம்பாயினம். நட்டம் ஆருக்கு? எங்கடை சனத்துக்குத்தான்.”

“நம்பினதாலதான் ஐயா அவன் உள்ள இருக்கான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று பிற்பகலே நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, விதிப்படி அவர் மூலமாக நீதவானுக்கு அனுப்பக் கொடுத்தேன். அவர் வாங்கி, மடித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தார். நான்கு நாள் கழித்துக் கேட்டேன். அங்கேயேதான் இருந்தது.

சரி, காகிதம் போகாவிட்டால் நான் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தோட்டத்துக்குப் போய், ஓய்வு பெற்ற டீமேக்கர் ஒருவரைப் பிடித்து, தேயிலைக்கு அந்தச் சொல்லை எப்போதெல்லாம் சொல்வார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு வாங்கினேன். வேலை போனால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஐந்தாவது தவணை. சார்ஜன்ட் சாட்சிக் கூண்டில் நின்றார். யோகராஜ் எதிர்க் கூண்டில். சார்ஜன்ட் சிங்களத்தில் சொல்வதை நான் யோகராஜுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சீட்டை மொழிபெயர்த்தது யார் என்று நீதவான் கேட்டார்.

“மற்றதெல்லாம் எங்கள் நிலையத்தில் செய்தோம். ஒரு சொல் மட்டும் விளங்கவில்லை,” என்ற சார்ஜன்ட் கொஞ்சம் தயங்கினார். “அதை இந்த நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் மிஸ்ஸிடம் கேட்டேன். வெடிக்கும் என்று அவர் சொன்னார்.”

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஐயா எழுந்து என் காதருகே வந்துவிட்டார்.

“நான் எடுக்கிறன். நீர் வெளியிலை போம்.”

தலையை ஆட்டி மறுத்தேன். அந்த வசனத்தை யோகராஜ் என் வாயால்தான் கேட்க வேண்டும். ஒழுங்கை மீறி அவன் கண்ணைப் பார்த்தேன். குரலை மட்டும் மாற்றாமல் சொன்னேன்.

“மற்றதெல்லாம் எங்கள் நிலையத்தில் செய்தோம். ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதை இந்த நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். வெடிக்கும் என்று அவர் சொன்னார்.”

அதில் ‘நான்’ சார்ஜன்ட், ‘அவர்’ நான். அவனுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். திட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பார்வைக்குப் பதிலாக இரண்டு அடி வாங்கியிருக்கலாம்.

நான் நீதவானிடம் திரும்பி, மொழிபெயர்ப்பாளர் கடமையிலிருந்து என்னை விடுவித்து, சாட்சியாகப் பேச அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். நான் தினமும் நின்ற இடத்துக்கு ஓரடி பக்கத்தில் இருந்த கூண்டில் அன்றுதான் ஏறினேன். உறுதியுரை எடுத்தேன். நான் விட்ட இடத்தில் பேரின்பநாயகம் ஐயா வந்து நின்றார். நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, யோகராஜுக்கு அவர் தமிழில் சொல்ல வேண்டும்.

இரண்டு சொற்களை மட்டும் கேட்டார்கள், எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை என்றேன். குண்டுக்கு வந்தால் வெடிக்கும், மணிக்கு வந்தால் ஒலிக்கும், விளக்குக்கு வந்தால் அணையும், பாலுக்கு வந்தால் கெட்டுப்போகும், தேயிலைக்கு வந்தால் ஈரம் ஏறி மணம் போகும் என்றேன். டீமேக்கரின் கடிதத்தைக் கொடுத்தேன். கடைசியாக, இந்தப் பிழை என்னுடையது, சார்ஜன்ட்டுடையது அல்ல என்றும் சொன்னேன்.

என்னை வாய் திறவாமல் இருக்கச் சொன்ன மனிதர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் மழுப்பியிருக்கலாம். ‘பிழை நடந்துவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோகராஜைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி, ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னார்:

“நான் கேட்காமல் விட்டேன். பிழை என்னுடையது.”

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். அன்று வாயைத் துடைக்கவில்லை, கையில் கசக்கிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கூண்டுக்குள்ளேயே.

மறுநாள் என்னிடம் விளக்கம் கோரும் கடிதத்தை எழுதி, கையெழுத்திட்டு, என் மேசைக்குத் தானே கொண்டுவந்து வைத்ததும் அவர்தான். அதுவும் ஒழுங்குதான். என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப் போனது. பிறகு கிடைத்தது. வழியில் நிறுத்தி யாராவது ஒரு சொல்லைக் கேட்டால், முழுத் தாளையும் கொண்டுவாருங்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீதவானின் கட்டளையால் மூலச் சீட்டு ஆறாவது தவணைக்கு வந்து சேர்ந்தது. நீதவான் அதைத் தானே வாசித்தார். பொலிஸ் தரப்பு, எங்களிடம் வேறு சான்று எதுவும் இல்லை என்றது. அதற்குள் தோட்டத்தில் யோகராஜின் வேலைக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அன்று எதிர்க் கூண்டில் நின்றவனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாசலில் ராக்கம்மா ரொட்டிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நான் மறுபடியும் என் இடத்தில், ஓரடி தள்ளி. நீதவான் கோவையை மூடிவிட்டு, அவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் மரியாதையாக, “யூ மே கோ,” என்றார்.

யோகராஜ் அசையவில்லை. எனக்காகக் காத்திருந்தான்.

“நீங்க போகலாம்,” என்றேன்.

அப்போதும் இறங்கவில்லை. என்னைப் பார்த்து, பணிவாகத்தான் கேட்டான்:

“அம்மா, இதுக்கு வேற அர்த்தம் ஏதும் இருக்குங்களா?”

என்ன சொல்கிறார் என்று நீதவான் கேட்டார். நான் குழாய். அந்தக் கேள்வியை ஒரு சொல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். இல்லை, ஒரே அர்த்தம்தான் என்றார்.

“இல்லீங்க. ஒரே அர்த்தம்தான்,” என்று அவனுக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகும் அவன், சரிதானா என்பதுபோல் ஒருமுறை நீதவானின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூண்டிலிருந்து இறங்கினான்.